மோட்டிவேஷன்: ஊக்கமா, ஊக்குவிப்பா?

பாடத்தில் மனம் ஒட்டாத பிள்ளையைப் பற்றி 'மோட்டிவேஷனே இல்லை' என்கிறோம். உடனே, 'நீங்கதான் கொஞ்சம் மோட்டிவேஷன் கொடுக்கணும்' என்று ஆசிரியரிடமும் சொல்கிறோம். முதலாவது பிள்ளைக்குள் இருக்க வேண்டியது, இரண்டாவது வெளியிலிருந்து வருவது. தமிழில் முதலாவது ஊக்கம், இரண்டாவது ஊக்குவிப்பு.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் 'மொவேரே': அசைத்தல், நகர்த்துதல். மோட்டார், மோஷன், எமோஷன் எல்லாம் அதன் உறவுகள்தான். நம் 'ஊக்கு' என்ற வினையும் அசைவைச் சொல்வதே. கலித்தொகையில் ஊசலில் இருக்கும் பெண், 'ஐய, சிறிது என்னை ஊக்கி' என்று கேட்கிறாள். ஆட்டிவிடச் சொல்கிறாள், அவ்வளவுதான். திருக்குறளின் 60ஆம் அதிகாரமான ஊக்கமுடைமையிலோ அது மனத்தின் உடைமை ஆகிவிடுகிறது. சிலர் 'தூண்டல்' என்று எழுதுகிறார்கள். அறிவியல் பாடநூல்களில் அது ஸ்டிமுலஸுக்கு, அதாவது உயிரினத்திடம் எதிர்வினையை எழுப்பும் மாற்றத்துக்கு, போய்விட்டதால் இங்கே குழப்பமே மிஞ்சும்.

ஆங்கிலம் கற்கும் சிறுவர்களிடம் இந்த வேறுபாடு முக்கியம். இரண்டாம் மொழி கற்பதில் ஊக்கத்தின் பங்கை 1959இலேயே ஆராய்ந்தவர்கள் கனடாவின் உளவியலாளர்கள் கார்ட்னரும் லாம்பர்ட்டும். வேலை, தேர்வு போன்ற பயனுக்காகக் கற்பது ஒரு வகை, அம்மொழி பேசுவோருடன் நெருங்க விரும்பிக் கற்பது இன்னொரு வகை என்று அவர்கள் பிரித்தார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு வேலை எங்கோ இருக்கிறது. கதையும் பாட்டும் விளையாட்டும்தான் அதை இழுக்கும்.

அப்புறம் பரிசு. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர் சிலரிடம் 'வரைந்தால் சான்றிதழ் உண்டு' என்று முன்கூட்டியே சொன்னார்கள். பின்னர் விருப்பம்போல் விளையாட விட்டபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். ஊக்குவிப்பு ஊக்கத்தைத் தின்ற கதை இது. ஆர்வமே இல்லாத பிள்ளையைத் தொடங்க வைக்க ஒரு நட்சத்திரம் உதவலாம், ஆனால் தானாகவே ஆங்கிலக் கதை படிக்கும் பிள்ளைக்குப் பக்கத்துக்குப் பக்கம் நட்சத்திரம் எதற்கு?

இதோடு ஒட்டி வருவது 'செல்ஃப் ரெகுலேட்டட் லேர்னிங்', அதாவது தன் கற்றலைப் பிள்ளை தானே நடத்திக்கொள்வது. 'சுயகட்டுப்பாட்டுக் கற்றல்' என்றால் வாயைக் கட்டி உட்கார்ந்திருப்பதுபோல் தொனிக்கிறது. 'தன்னெறிக் கற்றல்' என்பது என் தேர்வு. கல்வி உளவியலாளர் பாரி ஸிம்மர்மன் இதை மூன்று கட்டமாக விளக்கினார்: திட்டமிடுதல், செய்யும்போதே கவனித்தல், செய்தபின் திரும்பிப் பார்த்தல். ஐந்து சொற்களைத் தானே தேர்ந்து, புத்தகத்தை மூடிச் சொல்லிப் பார்த்து, வராததைக் குறித்துக்கொள்ளும் சிறுமி மூன்றையும் செய்துவிடுகிறாள்.

மூன்றாம் கட்டத்தில்தான் ஊக்கம் வளர்வதும் தேய்வதும். 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று காரணம் சொல்லும் பிள்ளைக்கு அடுத்துச் செய்ய எதுவும் இருக்காது. 'இந்தச் சொல்லை நேற்று எழுதிப் பார்க்கவில்லை' என்று சொல்லும் பிள்ளைக்கு இருக்கிறது.