வீட்டில் நோயாளி, தொலைபேசியில் மருத்துவர்: விதிகள் உங்களுக்குத் தரும் உரிமைகள்

கொரோனா, இன்ஃபுளுவென்சா போன்ற தொற்று உறுதியானதும் பலரிடம் சொல்லப்படுவது ஒன்றுதான்: "பயப்படும் நிலையில் இல்லை, வீட்டிலேயே தனியாக இருங்கள், தொலைபேசியில் பார்த்துக்கொள்வோம்." கேட்பவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. இது முறையான சிகிச்சைதானா, தட்டிக்கழிப்பதா? முறையான சிகிச்சைதான். அதற்கென்று விதிகளும் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துவைத்திருக்கும் குடும்பத்துக்குத்தான் இந்த ஏற்பாடு முழுப் பாதுகாப்பைத் தருகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

2020 மார்ச் 25 அன்று இந்திய அரசு தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. மருத்துவர்களின் தொழில் ஒழுக்கத்துக்கான 2002 ஆம் ஆண்டு விதிமுறைகளோடு அவை இணைக்கப்பட்டன. பதிவுபெற்ற மருத்துவர் நாட்டின் எந்த மூலையிலிருக்கும் நோயாளிக்கும் வீடியோ, குரல் அழைப்பு, எழுத்துச் செய்தி ஆகிய எந்த வழியிலும் ஆலோசனை வழங்கலாம். அவர் தரும் மருந்துச்சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும். கட்டணம் வாங்கினால் ரசீது தர வேண்டும். நீங்களாக அழைத்தால் உங்கள் சம்மதம் இருப்பதாகவே கொள்ளப்படும். மருத்துவரோ சுகாதாரப் பணியாளரோ முதலில் அழைத்தால் உங்கள் சம்மதத்தை வெளிப்படையாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். சிறாருக்கான ஆலோசனையில் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி வேறொன்று. நேரில் வர நோயாளி விரும்பும்போது, தொலைபேசியிலேயே பேசிக்கொள்வோம் என்று மருத்துவர் வற்புறுத்தக் கூடாது. "நேரில் பார்க்க வேண்டும்" என்று கேட்கத் தயங்காதீர்கள். அது உங்கள் உரிமை.

மருந்துகளுக்கும் வரம்பு உண்டு. பாராசிட்டமால் போன்ற சாதாரண மருந்துகளை எந்த வழியில் பேசினாலும் பரிந்துரைக்கலாம். வேறு சில மருந்துகளை முதல் ஆலோசனையில் எழுத வேண்டுமானால் வீடியோவில் பார்த்திருக்க வேண்டும். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவற்றைத் தொலைமருத்துவத்தில் பொதுவாக எழுத முடியாது.

கட்டணமின்றி மருத்துவரை அணுக மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை இருக்கிறது. கைபேசி எண்ணைப் பதிவு செய்து, அதற்கு வரும் ஒருமுறைக் கடவுஎண்ணை (OTP) உள்ளிட்டு, டோக்கன் பெற்றுக் காத்திருந்தால் வீடியோவில் மருத்துவர் வருவார். பேசி முடித்ததும் மருந்துச்சீட்டு கைபேசிக்கே வந்துவிடும். திறன்பேசி இல்லாதவர்கள் அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்துக்குச் சென்று, அங்குள்ள பணியாளர் வழியாக மருத்துவரிடம் பேசலாம். ஆனால் இருமலோடு போகிறவர் முகக்கவசம் அணிந்தே போக வேண்டும்.

இனி, உண்மையில் உயிரைக் காக்கும் பகுதிக்கு வருவோம். திரையில் தெரியும் முகத்தை வைத்து மருத்துவரால் நுரையீரலை அறிய முடியாது. ஸ்டெதாஸ்கோப் அங்கே இல்லை. நீங்கள் அளந்து சொல்லும் எண்கள்தான் அவருக்குக் கண்ணும் காதும். எண் தவறினால் முடிவும் தவறும்.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரைப் பலர் அவசரமாக மாட்டி, முதலில் தெரியும் எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பாருங்கள். நகச்சாயம் இருந்தால் அழித்துவிடுங்கள். விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். எண் நிலைத்து நிற்கும்வரை கையை அசைக்காமல் காத்திருந்து, நேரத்தோடு குறித்துவையுங்கள். கருமையான தோலில் இந்தக் கருவி உண்மையான அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு இது பொருந்தும். ஆகவே ஒரு தனி எண்ணைவிட, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வேறுபாடு என்பதையே உற்றுப் பாருங்கள். கொரோனாவில் மூச்சுத்திணறல் தெரியாமலேயே ஆக்சிஜன் அளவு இறங்கியவர்கள் உண்டு. "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்ற சொல்லை மட்டும் நம்பி அளக்காமல் விடக் கூடாது.

கருவி இல்லாவிட்டாலும் மூச்சை எண்ணலாம். நோயாளிக்குச் சொல்லாமல் மார்பின் ஏற்ற இறக்கத்தை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் அவர் மூச்சு மாறிவிடும். கைக்குழந்தைக்கும் இதே முறைதான், ஆனால் அழாமல் இருக்கும்போது எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த அளவையோ அதற்கு மேலோ எட்டினால் வேகமான மூச்சு என்று பொருள். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெரியவர்களுக்கு, கொரோனா வீட்டுத் தனிமைக்காக 2022 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் தந்த எச்சரிக்கை எல்லைகள் இவை. ஒரு மணி நேரத்தில் குறைந்தது மூன்று முறை பார்த்தும் ஆக்சிஜன் 93 விழுக்காடு அல்லது அதற்குக் கீழ். மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல். 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் தணியாமை. நெஞ்சில் விடாத வலி அல்லது அழுத்தம். மனக்குழப்பம், எழுப்பினாலும் எழாமை. இவற்றில் ஒன்று வந்தாலும் மருத்துவ உதவியை உடனே நாட வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பூக்கிறது என்றால் டோக்கனுக்குக் காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். அவசர நிலையில் தொலைபேசி ஆலோசனை என்பது முதலுதவிக்கும் மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பதற்கும் மட்டுமே என்று நெறிமுறைகளும் சொல்கின்றன.

முதல் அழைப்பிலேயே மருத்துவரிடம் மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை முறை அளக்க வேண்டும், அளவு எந்த எண்ணைத் தொட்டால் கூப்பிட வேண்டும், இரவில் யாரைக் கூப்பிட வேண்டும். நீரிழிவு, இதய நோய், ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

காசநோய்க்குக் கணக்கு வேறு. அங்கே கண்காணிப்பு நாள்களில் முடிவதில்லை, மாதக்கணக்கில் நீளும். கவனிக்க வேண்டியது பெரும்பாலும் நோயாளி நாள் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதைத்தான். நோயாளி மாத்திரை விழுங்குவதை வீடியோவில் பார்த்து உறுதிசெய்யும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2017-லேயே ஏற்றுக்கொண்டது. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தும் தொகை, 2024 நவம்பர் முதல் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அது வந்து சேரவில்லையென்றால், சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில் வங்கிக் கணக்கு எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.