வரிப்புல்லில் பச்சைத் தளிர் கிளம்பினால்

தோட்டம் அமைத்துக் கொடுத்த சில மாதங்களில் அடிக்கடி வரும் போன் இது: "வெள்ளைக் கோடு போட்ட புல்லு பச்சையாயிடுச்சு சார், செடிய மாத்தி வெச்சுட்டாங்களா?" யாரும் மாற்றவில்லை. செடிதான் தன் பழைய நிறத்துக்குத் திரும்புகிறது.

இலையில் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் பச்சையம் கிடையாது. மீதியிருக்கும் பச்சைதான் மொத்தச் செடிக்கும் சமைத்துப் போட வேண்டும். நர்சரியில் 'வெரிகேட்டட்' (வரி போட்டது) என்று விற்கும் ரகங்கள் மெதுவாக வளர்வது இதனால்தான். அந்தத் தூரில் முழுப் பச்சையாக ஒரு தளிர் கிளம்பினால் அதற்கு வலு அதிகம். விட்டுவைத்தால் கோடு போட்டவற்றை நெருக்கித் தள்ளிவிடும். மேலாகக் கத்தரித்தால் மறுபடியும் பச்சையாகவே துளிர்க்கும். மண்ணைக் கிளறி, தளிர் புறப்படும் இடத்திலேயே வேரோடு பெயர்த்தெடுங்கள். முழு வெள்ளையாக வரும் தளிரைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது தனியாகப் பிழைக்காது.

ஸீப்ரா கிராஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் அவசரப்பட வேண்டாம். அதில் இளம் இலைகள் பச்சையாகத்தான் வரும். குறுக்குப் பட்டைகள் பிறகே தெரியும்.

வெள்ளைப் பகுதி வெயிலில் சீக்கிரம் கருகும். சென்னை, மதுரை போன்ற ஊர்களில் காலை வெயிலும் மதிய நிழலும் கிடைக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள். வரப்போரம் வைக்கும் லிரியோப், மோண்டோ கிராஸ் இரண்டும் உண்மையில் புல்லே இல்லை, தண்ணீர்விட்டான் குடும்பம். நிழல் அவற்றுக்கு ஒத்துவரும்.

விதையை நம்பாதீர்கள், கோடு பெரும்பாலும் விதை வழி வராது. மழை தொடங்கியதும் தூரைப் பிரித்து நடுவதுதான் வழி.

நான் ரொம்பவே எச்சரிப்பது அருண்டோ டோனாக்ஸ் என்ற பெரிய நாணல் வகையின் வரிபோட்ட ரகத்தைப் பற்றித்தான். ஆளுயரத்துக்கு மேல் வளரும், பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்ற பட்டியலில் இந்த இனம் இருக்கிறது. கலிபோர்னியாவில் ஆற்றங்கரைகளையே அடைத்துக்கொண்டது. இது பரவ விதை தேவையில்லை; வேர்க்கிழங்கில் ஒரு துண்டு, தண்டில் ஒரு கணு, கொஞ்சம் ஈரம் போதும். கோடு போட்ட ரகம் வேகம் குறைவுதான். பச்சைக்குத் திரும்பிய தளிருக்கு அந்தக் குறையும் இல்லை. வைத்தே ஆக வேண்டுமென்றால் பெரிய தொட்டியில் மட்டும் வையுங்கள். கழித்த துண்டுகளை ஏரிக்கரையிலோ வாய்க்காலிலோ, ஏன், உரக்குழியிலும்கூடப் போடாதீர்கள். மொட்டைமாடியில் சருகாகும்வரை காயவிட்டு, கிழங்கு உள்ளேயும் காய்ந்துவிட்டதா என்று உடைத்துப் பார்த்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.