ஹோம்ஸ்கூலிங் – வீட்டுக்கல்வி: ஒரு சொல் விளக்கம்

ஹோம்ஸ்கூலிங் என்னும் சொல் சேலத்தில் இன்றும் ஆங்கில வடிவிலேயே பெரிதும் புழங்குகிறது. "பிள்ளையை எந்த ஸ்கூல்ல சேர்த்திருக்கீங்க?" என்று அக்கம்பக்கத்தார் கேட்கும்போது, "ஹோம்ஸ்கூலிங் பண்றோம்" என்று ஒரு தாய் விடை சொன்னால், கேட்டவர் அதை வீட்டுக்கு வந்து நடத்தும் டியூஷன் என்றோ, ஆன்லைன் வகுப்பு என்றோ, கட்டணம் கட்ட முடியாத நிலையை மறைக்கும் நாகரிகப் பேச்சு என்றோ எடுத்துக்கொள்வது உண்டு. குழந்தையின் கல்விக்கான முழுப் பொறுப்பையும் பெற்றோரே விரும்பி ஏற்று, பள்ளியில் சேர்க்காமல், வீட்டையும் ஊரையும் களமாகக் கொண்டு கற்பிப்பது என்பதே இச்சொல்லின் பொருள். இவ்விளக்கத்தில் 'விரும்பி ஏற்று' என்னும் பகுதி இன்றியமையாதது. ஏன் என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

'ஸ்கூல்' என்பதன் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. அங்கு 'ஸ்கொலே' என்றால் ஓய்வு என்று பொருள். உழைப்பினின்று நீங்கிய பொழுதைக் குறித்த அச்சொல், அப்பொழுதில் நிகழ்ந்த உரையாடலுக்கும், பிறகு அவ்வுரையாடல் நிகழ்ந்த இடத்துக்கும் பெயராகி, இலத்தீன் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. வீட்டில் கற்பித்தல் உலகெங்கும் பழையது என்றாலும், 'ஹோம்ஸ்கூலிங்' என்னும் கூட்டுச்சொல் ஓர் இயக்கத்தின் பெயராக வலுப்பெற்றது 1970-களிலும் 1980-களிலும் அமெரிக்காவில்தான். அவ்வியக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் ஹோல்ட், 1977-இல் 'அன்ஸ்கூலிங்' என்னும் வேறொரு சொல்லையும் ஆக்கினார். பாடத்திட்டமும் கால அட்டவணையும் வகுக்காமல், குழந்தையின் ஆர்வம் செல்லும் வழியிலேயே கற்றலை விடுவது அதன் பொருள். இரண்டும் ஒன்றல்ல. ஹோம்ஸ்கூலிங் செய்யும் குடும்பம் காலை ஒன்பது மணிக்குக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கலாம்; அன்ஸ்கூலிங் செய்யும் குடும்பத்தில் அப்படியொரு மணி இராது.

தமிழில் 'பள்ளி' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. பள்ளி என்பதற்குப் படுக்கை, உறங்குமிடம் என்னும் பொருள்கள் உண்டு. பள்ளியறை, பள்ளியெழுச்சி, பள்ளிகொள்ளுதல் ஆகிய வழக்குகளில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. துறவிகள் தங்கிய இடங்களும் பள்ளி எனப்பட்டன. சமண, பௌத்தத் துறவிகள் தங்கள் உறைவிடங்களில் கல்வியும் கற்பித்ததால், கல்விக்கூடத்துக்கு அப்பெயர் அமைந்தது என்பர். ஆக, கிரேக்கர் ஓய்விலிருந்தும் தமிழர் உறைவிடத்திலிருந்தும் கல்விக்கூடத்துக்குப் பெயர் கண்டிருக்கிறார்கள். மணியடித்தவுடன் வரிசையில் நிற்கும் இன்றைய பொருள் இரண்டுக்குமே பிற்காலத்தில் ஏறியது.

இனி, தமிழ் ஈடு எது? சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'வீட்டுப்பள்ளி' என்று சிலர் எழுதுகின்றனர். இது பொருந்தாது, வீட்டில் நடத்தப்படும் சிறு பள்ளி என்றே அது பொருள்படும். கரும்பலகை மாட்டிய முன்னறையில் பத்துப் பிள்ளைகளை வைத்து ஒருவர் நடத்தும் மழலையர் வகுப்பை வேண்டுமானால் அப்படி அழைக்கலாம். 'இல்லக்கல்வி' கேட்க இனிமையாக இருப்பினும், 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தோடு குழம்பும். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி மூடிக் கிடந்ததால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் நடத்திய வகுப்புகள் அவை. அங்கு வந்த பிள்ளைகள் பள்ளி மாணவர்களே. 'வீட்டுவழிக் கல்வி' என்பதற்கும் ஏற்கெனவே வேறு பொருள் உண்டு. பள்ளிக்கு வர இயலாத மாற்றுத்திறன் குழந்தைகளுக்குச் சிறப்பாசிரியர் வீட்டுக்குச் சென்று பயிற்சி அளிக்கும் ஏற்பாட்டை அது குறிக்கிறது. எஞ்சுவது 'வீட்டுக்கல்வி'. கேட்டவுடன் புரியும், பெயரடையாகவும் ஆளலாம், பிற திட்டப் பெயர்களோடு மோதாது என்பதால் இதையே நான் பரிந்துரைக்கிறேன். சட்டம் சார்ந்த எழுத்தில் இன்னும் துல்லியம் வேண்டுமெனில் 'பெற்றோர்வழிக் கல்வி' என்று விரித்து எழுதலாம்; பொறுப்பு யாருடையது என்பதை அது ஐயமின்றிச் சொல்லிவிடும்.

'வீடு' என்பது 'விடு' என்னும் வினையடியின் முதல் நீண்டு அமைந்த தொழிற்பெயர். வீடுபேறு என்னும்போது விடுதலையைக் குறிப்பதும் அதுவே. இலக்கணம் என்ற அளவில் இது சரி. ஆனால் 'ஆகவே வீட்டுக்கல்வியே விடுதலைக் கல்வி' என்று சிலர் மேடையில் முழங்குவது வெறும் சொல்லாட்டம். வீட்டிலும் பிள்ளையைக் கட்டிப்போட முடியும்.

சொல் புதிதே தவிர வழக்கம் புதிதல்ல. சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, நாட்டுக் கல்வியின் நிலையை அறிய 1822-இல் எல்லா மாவட்ட ஆட்சியர்களிடமும் கணக்குக் கேட்டார். இவர் 1792 முதல் 1799 வரை பாராமகாலிலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) சேலத்திலும் வருவாய்ப் பணி பார்த்தவர் என்பது நம் மாவட்டத்தார் அறியத்தக்கது. வந்த கணக்குகளில் சென்னைப் பட்டணத்தின் எண் வியப்பளிக்கிறது: வீடுகளில் கற்பிக்கப்பட்டோர் 26,000-க்கு மேல், பள்ளிகளில் படித்தோரைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அந்த எண்ணில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார். எனினும், தந்தையிடமும் உறவினரிடமும் வீட்டிலேயே எழுத்தும் கணக்கும் பயில்வது பொதுவழக்காக இருந்தது என்பதற்கு அது சான்று. திண்ணைப் பள்ளியை இதன் முன்னோடியாகக் காட்டுவது மட்டும் தவறு. அந்தத் திண்ணை ஆசானுடையது அல்லது ஊராருடையது. சட்டாம்பிள்ளையும் பிரம்பும் கொண்ட முழுமையான பள்ளி அது.

சட்டத்தின் கண்ணில் இச்சொல் எங்கே நிற்கிறது? 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றியது. அண்மைப் பள்ளியில் குழந்தையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு கூறுகிறது. மீறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் அச்சட்டம் விதிக்கவில்லை. வீட்டுக்கல்வி என்னும் முறையை அது வரையறுக்கவும் இல்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கோ இந்தக் கட்டாயமே இல்லை. எல்.கே.ஜி. சேராத குழந்தை சட்டத்தை மீறியதாகாது என்பதைப் பதற்றப்படும் தாத்தா பாட்டிகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னாளில் தேர்வெழுத விரும்புவோருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளையும், 14 வயது நிறைந்தோருக்குப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வையும் நடத்துகிறது.

'விரும்பி ஏற்று' என்பதற்கு இப்போது வருவோம். சேர்வராயன் மலை விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போனது. ஏற்காட்டின் மாண்ட்போர்ட் பள்ளி 1917-இலேயே தொடங்கப்பட்டது. வெளியூர்ப் பிள்ளைகள் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து படிக்க வரும் அதே மலையில், காப்பித் தோட்ட வேலைக்குப் பெற்றோர் சென்றபின் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலிருக்கும் குழந்தையும் உண்டு. அக்குழந்தை மிளகுக்கொடி, பலா, தேனடை பற்றி நகரத்துப் பிள்ளையைவிட மிகுதியாக அறிந்திருக்கலாம். ஆயினும் அதன் நிலையை வீட்டுக்கல்வி என்று எழுதுவது அநீதி. 'பள்ளி செல்லாக் குழந்தை' என்று அரசு ஆவணங்கள் குறிப்பது அதனைத்தான். அக்குழந்தைக்கு வரவேண்டியது பள்ளியே. தெரிவு இருந்த இடத்தில் மட்டுமே வீட்டுக்கல்வி என்னும் சொல் பொருந்தும்.

இளம் குழந்தைகளின் வீட்டுக்கல்வியைப் பற்றி எழுதும்போது இரண்டு துணைச்சொற்கள் அடிக்கடி வேண்டியிருக்கும். பண்பாட்டு இடங்களுக்குக் கூட்டிச் செல்வது முதலாவது. 'சுற்றுலா' என்றால் போட்டோ எடுத்துத் திரும்புவது என்றாகிவிட்டது. பாடநூல்கள் ஆளும் 'களப்பயணம்' நல்ல சொல்; ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது சற்றுக் கனமானது. 'பண்பாட்டு உலா' என்பது பொருந்தும். ஆடி மாதத்தில் குகை மாரியம்மன் கோயில் விழாவின் வண்டி வேடிக்கையைப் பார்க்கத் தோளில் பிள்ளையைத் தூக்கிச் செல்லும் தகப்பன் இத்தகைய உலாவைத்தான் நடத்துகிறார். அலங்கரித்த வண்டிகளில் தெய்வ வேடமிட்டோர் அசையாமல் நிற்பதைப் பார்த்துவந்த பிள்ளைக்கு, மறுநாள் ஓர் அட்டைப்பெட்டி கிரீடமாகும். அம்மாவின் துப்பட்டா பீதாம்பரமாகும். பெரியவர்களுக்கு 'வேடிக்கை பார்க்காதே' என்பது கண்டிப்பு; அந்த வயதிலோ வேடிக்கை பார்ப்பதே படிப்பு.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலும் அத்தகைய இடம். இப்பகுதியை ஆண்ட குறுநிலத் தலைவர்களான கெட்டி முதலியார் காலத் திருப்பணி கொண்ட அக்கோயிலில், கல் சிங்கத்தின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கிறது. விரலால் தள்ளினால் உருளும். வெளியே எடுக்க வராது. 'எப்படி உள்ளே போச்சு?' என்று பிள்ளை கேட்கும். உடனே விடை சொல்லிவிடாமல், ஒரு சோப்புக்கட்டியைக் கொடுத்து வீட்டில் குடையவிட்டால், உருண்டை உள்ளே போகவில்லை, உள்ளேயே செதுக்கப்பட்டது என்பதைக் கையே கண்டுபிடித்துவிடும். இராமன் நிற்கும் தூணிலிருந்து நோக்கினால் வாலி தெரிவதும், வாலியின் தூணிலிருந்து நோக்கினால் இராமன் தெரியாததும் அங்குள்ள மற்றொரு வியப்பு. கண்ணாமூச்சி ஆடிய பிள்ளைக்குப் பார்வைக்கோடு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் காட்டாது. கஞ்சமலைக்குப் போனால் ஒரு காந்தத் துண்டைக் கையில் கொடுத்தால் போதும். இரும்புக்கனிமம் நிறைந்த மலையின் அடிவாரத்து மண்ணில் அதை இழுத்தால், கருந்துகள்கள் மீசைபோல் சிலிர்த்து ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது துணைச்சொல் குழந்தை தானே கற்பனை செய்து ஆடும் ஆட்டத்துக்கு உரியது. 'ஆக்கபூர்வ விளையாட்டு' என்று நாளிதழ்கள் எழுதுவதில் உயிரில்லை. 'படைப்பு விளையாட்டு' தேவலை. ஆனால் தமிழ் இதற்குப் பெயரில்லாமல் இருந்ததே இல்லை. சிறுமியர் மணலில் பாவை செய்து ஆடியதைச் சங்கப் பாடல்கள் 'வண்டல்' என்றன. மணல்வீடு கட்டுவது 'சிற்றில்'. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகிய மூன்றும் குழந்தையின் ஆட்டத்தால் பெயர் பெற்றவை. செப்பு என்னும் சிறு கலம் பேச்சில் சொப்பாகி, 'சொப்பு வச்சு விளையாடுறது' என்று இன்றும் வீடுகளில் நடக்கிறது. சேலத்தில் அந்தச் சொப்பில் வேகும் சோறு பெரும்பாலும் ஜவ்வரிசியாகவே இருக்கும்; வேகவைத்தால் பளிங்குபோல் தெளியும் அரிசி வேறு எங்கே கிடைக்கும்? பொதுக்கட்டுரைகளில் 'படைப்பு விளையாட்டு' என்று எழுதலாம். வீட்டுக்குள் 'சொப்பு விளையாட்டு' போதும்.

ஆளும் முறை பற்றி ஒரு குறிப்பு. வீட்டுக்கல்வி ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதப்பட வேண்டும். 'ஹோம்ஸ்கூலர்' என்பதை 'வீட்டு மாணவர்' என்று பெயர்க்காமல், 'வீட்டுக்கல்வி பெறும் குழந்தை' என்று எழுதுக. அன்ஸ்கூலிங்கைப் 'பாடத்திட்டமில்லா வீட்டுக்கல்வி' எனலாம். ஓவியப் போட்டிக்கோ அருங்காட்சியக நிகழ்ச்சிக்கோ விண்ணப்பிக்கும்போது 'பள்ளியின் பெயர்' என்னும் கட்டத்தைக் கோடிட்டு விடாமல், 'வீட்டுக்கல்வி, சேலம்' என்று நிரப்பலாம்.