எரிமலை இல்லாத கரையில் எரிமலைக் கல்

இராமேஸ்வரத்தில் சங்கும் ஸ்படிக மாலையும் விற்கும் கடைகளில், பாதியாக அறுத்துப் பளபளப்பேற்றிய உருண்டைக்கல் ஒன்று கண்ணில் படலாம். வெளியே சொரசொரப்பான மண் நிறத் தோல். உள்ளே சாம்பல், வெள்ளை, செம்மஞ்சள் என்று வரிவரியாக ஓடும் அழகு. இதுதான் அகேட். மோதிரத்தில் பதித்துப் போடுகிற முஸ்லிம்கள் இதை அகீக் என்பார்கள். விற்கிறவர் "நம்ம கடல்ல கிடைச்சதுண்ணே" என்று சொன்னால், கல்லை வேண்டுமானால் நம்புங்கள், கதையை நம்பாதீர்கள்.

கல்லை அடையாளம் காணப் பலரும் நிறத்தில், பளபளப்பில் ஆரம்பிக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: இந்தக் கல் இந்த மண்ணுக்கு எப்படி வந்திருக்க முடியும்? இராமநாதபுரம் கரையில் இருப்பது மணல், களிமண், சுண்ணாம்பால் இறுகிய மணற்பாறை, மன்னார் வளைகுடாவின் பவளப்பாறை. வைகையும் குண்டாறும் அடித்து வருவது மேற்கே உள்ள நைஸ், சார்னோக்கைட் போன்ற மிகப் பழைய பாறைகளின் பொடியை. அகேட் விளைகிற எரிமலைப் பாறை இந்த ஆறுகளின் வழியில் எங்கும் இல்லை. இந்தியாவில் அதன் பெரிய வீடு தக்காணப் பசால்ட் என்ற எரிமலைப் பாறை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், வட கர்நாடகம் என்று இன்றைக்கும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடிக் கிடக்கிறது. தமிழ்நாட்டை அது தொடவில்லை.

அந்தக் குழம்பு மேலே வரும்போது அதில் கரைந்திருந்த நீராவியும் கரியமில வாயுவும் குமிழிகளாகப் பிரியும். வெந்துகொண்டிருக்கும் ஆப்பத்தில் ஓட்டை விழுவதைப் போலத்தான். குழம்பு இறுகிவிட்டால் குமிழி அப்படியே குழியாக நின்றுவிடும். இதுவரைதான் நெருப்பின் வேலை. அகேட்டை நெருப்பு செய்யவில்லை, தண்ணீர் செய்தது. பாறை ஆறிய பிறகு மழைநீரும் நிலத்தடி நீரும் அதன் விரிசல்களில் இறங்கி, பாறையிலிருந்து சிலிக்காவை, அதாவது மணலில் பெரும்பகுதியாக இருக்கும் பொருளை, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொண்டு, இந்தக் குழிகளுக்குள் கசியும். உள்ளே சிலிக்கா சுவரில் படியும். ஒரு படலம், அதன் மேல் இன்னொரு படலம் என்று வெளியிலிருந்து உள்நோக்கி நிரம்பும். ஆகவே அகேட்டில் தோலை ஒட்டிய வரிதான் மூத்தது, நடுவில் இருப்பது கடைசியாக வந்தது.

ஒவ்வொரு வரியும் சால்சிடனி எனப்படும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குவார்ட்ஸ் (சிலிக்காவின் படிக வடிவம்) இழைகளால் ஆனது. இழைகள் சுவருக்குச் செங்குத்தாக, குழியின் நடுவை நோக்கி வளர்கின்றன. வரத்து குறைந்து, படிவது நிதானமானால் இழைக்குப் பதில் பெரிய படிகங்கள் முளைக்கும். அறுத்த கல்லின் நடுவே சர்க்கரைக் கட்டி மாதிரி மின்னுவது அதுதான். நடு நிரம்பாமல் பொந்தாகவே நின்றுவிட்டால் ஜியோடு. இரும்பு ஆக்சைடு கலந்தால் சிவப்பு, நீரேறிய இரும்பு ஆக்சைடு என்றால் மஞ்சள், பழுப்பு. சரி, வரிகள் ஏன் இத்தனை ஒழுங்காக வருகின்றன? சிலிக்கா முதலில் கூழாகச் சேர்ந்து பிறகு இறுகியதா, கரைசலிலிருந்து நேராகப் படிந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. ஒரு கடைக்கல் இவ்வளவு காலம் விடை சொல்லாமல் இருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இதற்கு ஒரு தம்பி உண்டு, தண்டர் எக். அது பசால்ட்டில் அல்ல, ரியோலைட் என்ற சிலிக்கா மிகுந்த பிசுபிசுப்பான குழம்பில் பிறப்பது. குழம்புக்குள்ளேயே உருண்டை திரண்டு, அதன் நடு கிழிந்து, கிழிசலில் அகேட் நிரம்புகிறது. அதனால் அறுத்தால் பெரும்பாலும் நட்சத்திர வடிவம் தெரியும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1965ல் இதைத் தன் மாநிலக் கல்லாக அறிவித்தது. நம் ஊரில் அகேட் என்று விற்பவை பொதுவாகப் பசால்ட் வகைதான்.

பசால்ட் வெயிலிலும் மழையிலும் மக்கிக் களிமண்ணாகிவிடும். அதைவிடக் கடினமான அகேட் உருண்டை மக்காமல் தப்பி, ஆற்றில் உருண்டு, ஜல்லிப் படிவமாகச் சேர்ந்து கிடக்கும். குஜராத்தின் பரூச் மாவட்டத்து ரத்தன்பூரில் காலங்காலமாகத் தோண்டுவது அப்படிச் சேர்ந்த ஜல்லியைத்தான். அங்கிருந்து கம்பாத் பட்டறைகளுக்குப் போய் மணியாகிறது.

அந்த மாதிரிக் கல் நம் கரைக்கு வந்ததற்குச் சாட்சி வைகை முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளம். 1986 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே பல கட்டங்களாக அகழ்ந்திருக்கிறது. ரோமானியக் காசு, மத்தியதரைக் கடல் பகுதி மதுச்சாடித் துண்டு, கப்பல் கீறிய பானை ஓடு ஆகியவற்றோடு அகேட், சூதுபவள மணிகளும் கிடைத்தன. சூதுபவளமும் அதே சால்சிடனிதான், இரும்பு அதிகமான சிவப்பு வகை. ஆக, இந்தக் கடற்கரையில் அகேட் விளையவில்லை, இறங்கியது. அன்றும் சரக்கு, இன்றும் சரக்கு.

தானாக இங்கே வரக்கூடிய எரிமலைக் கல் ஒன்றே ஒன்று: நுரைக்கல். குமிழி மயமான எரிமலைக் கண்ணாடி என்பதால் தண்ணீரில் மிதக்கும். 1883ல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தபோது இப்படிப்பட்ட கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரைவரை மிதந்து போயின. இராமேஸ்வரத்தில் தொட்டியில் மிதக்க விட்டிருக்கும் கற்களைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல்: உள்ளே காற்று நிறைந்த பவளக் கல்லும் மிதக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு சொட்டு வினிகர் போதும். பவளம் சுண்ணாம்பு என்பதால் பொங்கும், நுரைக்கல் பொங்காது.

அகேட்டுக்கும் இந்த வினிகர்தான் முதல் பரிசோதனை. தோலில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கலாம் என்பதால் உடைந்த முகத்தில் விடுங்கள். பொங்கினால் அகேட் இல்லை. அடுத்தது பேனாக்கத்தி. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அகேட்டின் கடினத்தன்மை 6.5 முதல் 7 வரை. கத்தியால் அதில் கீறல் விழாது, அது கண்ணாடியைக் கீறிவிடும். உருண்டைக்குள் அகேட்டுக்குப் பதில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் நிரம்பியிருப்பதும் உண்டு, அதைக் கத்தி சுலபமாகக் கீறும். ஆனால் வயலில் கிடக்கும் வெங்கச்சங்கல்லும் கத்திப் பரிசோதனையில் தேறிவிடும். அதுவும் குவார்ட்ஸ் ஆயிற்றே. இராமநாதசுவாமி கோயிலில் அதிகாலையில் தரிசனம் தரும் ஸ்படிக லிங்கமும் அதே சிலிக்காதான். அப்புறம் எதை வைத்துப் பிரிப்பது? போன் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். அகேட்டின் மெல்லிய ஓரம் பால்போல ஒளியைக் கசிய விடும், வரிகள் தெரியும். வெங்கச்சங்கல்லில் வரி இருக்காது, உடைந்த இடம் மணல் மாதிரி மினுங்கும். அலையில் தேய்ந்த பாட்டில் துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பெரும்பாலும் உருண்டையான காற்றுக் குமிழி இருக்கும்.

நிறத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். பளிச்சென்ற நீலம், ரோஜா, ஊதா என்றால் சாயம் ஏற்றியது என்றே எடுத்துக்கொள்ளலாம். அகேட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, வரிக்கு வரி அவை வேறுபடுவதால் சாயமும் வரிவரியாக ஏறும். விரிசல் ஓரத்தில் நிறம் திரண்டு நிற்கிறதா என்று பாருங்கள். கறுப்புக்கு ஒரு பழைய வித்தை உண்டு: கல்லைச் சர்க்கரைக் கரைசலில் நெடுநாள் ஊறவைத்து, பிறகு கந்தக அமிலத்தில் போட்டால், துளைக்குள் போன சர்க்கரை கரியாகிவிடும். ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் ஊர் 19ஆம் நூற்றாண்டில் சாயமேற்றுவதையே பெருந்தொழிலாக நடத்தியது. மஞ்சள் கல்லைச் சூடேற்றிச் சிவப்பாக்குவது குஜராத்தில் மிகப் பழைய வழக்கம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். சாயத்தைச் சொல்லி விற்றால் அதிலும் தப்பில்லை, சொல்லாமல் விற்பதுதான் கோளாறு.

மதிப்பு என்று பார்த்தால், சாதாரண அகேட் விலை உயர்ந்த கல் அல்ல. அறுக்காத உருண்டை கிலோ கணக்கில் விற்கிற சரக்கு. வரிகள் கூர்மையாக, நெருக்கமாக, நிற வேறுபாட்டோடு இருக்க வேண்டும், விரிசல் கூடாது, இரண்டு பாதியும் ஜோடியாக இருந்தால் நல்லது, எந்த ஊர்க் கல் என்று தெரிந்தால் இன்னும் நல்லது. சேகரிப்பாளர்கள் கடைசி விஷயத்துக்குத் தனியாகக் காசு தருகிறார்கள். வாங்கும்போதே ஊர்ப்பெயரைச் சீட்டில் எழுதிக் கல்லோடு வையுங்கள். அறுக்காத கல்லை வாங்குவது சூதாட்டம். ஒரே அளவுள்ள இரண்டில் எடை குறைந்தது உள்ளே பொந்தாக இருக்கலாம், அவ்வளவுதான் வெளியிலிருந்து சொல்ல முடியும்.

கரையில் பொறுக்குவதற்கு எல்லை உண்டு. பவளத்தை, செத்ததாக இருந்தாலும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி எடுக்கக்கூடாது. அழகன்குளம் மாதிரி பழைய ஊர் மேட்டில் மணி கிடைத்தால் அதுவும் உங்களுடையது அல்ல. மண்ணில் புதைந்து கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மணி கிடந்த இடமும் ஆழமும் ஆய்வாளருக்கு மணியைவிட முக்கியம்.

வாங்கிய உருண்டையை அறுக்க வேண்டுமென்றால் வைரத்தூள் பதித்த வட்ட ரம்பம் வேண்டும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உலர்ந்த சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைத் தரும். கம்பாத் பட்டறைகளில் அகேட்டை அரைத்துப் பிழைத்தவர்கள் பலருக்கு வந்தது அதுதான். வீட்டில் கிரைண்டர் வைத்து முயற்சி செய்யாதீர்கள். டைல்ஸ் அறுப்பவரிடம் கொடுத்தாலும், தண்ணீர் ஊற்றி அறுப்பவரா என்று பார்த்துக் கொடுங்கள்.