√2-க்குப் பகுத்தறிவு இல்லையாம்

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் ஒரு பயிற்சித்தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். இணையத்தில் எங்கோ கிடைத்த தாள். முதல் கேள்வி இது: "பின்வருவனவற்றுள் பகுத்தறிவற்ற எண் எது?" தெரிவுகள் நான்கு: 0.25, 22/7, √2, 5. படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தது: "சித்தி, எனக்குத் தெரிஞ்சு நாலுமே யோசிக்காது."

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் இந்தச் சொல்லை இத்தோடு எத்தனையாவது தடவை பார்க்கிறேன் என்று கணக்கே இல்லை. காணொளிக்குக் கீழே ஓடும் எழுத்தில், கைப்பேசிச் செயலிகளின் கேள்வித்தாளில், தேடினால் முதலில் வந்து நிற்கும் பக்கங்களில், எங்கும் பகுத்தறிவு எண்கள், பகுத்தறிவற்ற எண்கள். இன்னும் கொஞ்ச நாளில் பிள்ளைகள் பாடநூலில் இருப்பதுதான் பிழை என்று நினைத்துவிடுவார்கள்.

சரியான சொல் விகிதமுறு எண். இல்லாதது விகிதமுறா எண். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நெடுநாளாக இருக்கும் சொற்கள்தான். ஒரு முழுவை (−2, −1, 0, 1, 2 போன்ற எண்ணை) இன்னொரு முழுவால் வகுத்த வடிவில் எழுத முடிந்தால் அது விகிதமுறு எண். கீழே இருப்பது சுழியாக மட்டும் இருக்கக்கூடாது. 0.25 என்பது 1/4. 5 என்பது 5/1. சுழிகூட 0/1 என்று எழுதக் கூடியதுதான். √2-ஐ மட்டும் எப்படிப் புரட்டினாலும் அப்படி எழுத முடியாது. அதனால் அது விகிதமுறா எண். கேள்விக்கு விடை அவ்வளவே.

சொல்லின் கட்டுமானத்தைப் பார்ப்போம். விகிதம் + உறு. மகர மெய்யோடு உகரம் சேர்ந்து 'மு' ஆகிவிட்டது. உறுதல் என்றால் அடைதல், பொருந்துதல். விகிதம் பொருந்திய எண், விகிதம் பொருந்தாத எண். உறு எண் என்பது வினைத்தொகை. உறா எண் என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பகு எண், பகா எண் என்ற இணையும் அச்சு அசலாக இதே அமைப்புத்தான். இலக்கண வகுப்பில் ஓடாக் குதிரை, அழியாப் புகழ் என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைக்குக் கணக்கு வகுப்பிலும் அதே அமைப்பு வருகிறது என்று யாராவது ஒரு வரி சொன்னால் நன்றாக இருக்கும். பெரும்பாலும் சொல்வதில்லை. 'விகித முறு' என்று நடுவில் உடைத்துப் படித்து, முறு என்றால் என்ன என்று தெரியாமலே பத்தாம் வகுப்பைத் தாண்டிவிடுகிறார்கள்.

இனி, தப்பு எங்கே நேர்ந்தது என்பது. ஆங்கிலத்தில் விகிதமுறு எண்ணுக்கு 'ரேஷனல் நம்பர்' என்று பெயர். அந்த 'ரேஷனல்' என்ற சொல்லுக்கு வேர் லத்தீன். அங்கே 'ராத்தியோ' என்ற ஒரே சொல் கணக்கு, காரணம், அறிவு, விகிதம் என்று பல வேலை பார்த்தது. கிரேக்கத்தில் 'லோகோஸ்' என்பதும் அப்படித்தான்: சொல், அறிவு, விகிதம் மூன்றும் அதற்குள் அடக்கம். ஆகவே ஆங்கில அகராதியில் 'ரேஷனல்' என்று தேடினால் முதல் பொருளாக அறிவுக்கு ஒத்தது என்று வரும், கணிதப் பொருள் நாலைந்து வரி தள்ளி வரும். மொழிபெயர்க்கும் இயந்திரமோ, அவசரத்தில் மொழிபெயர்க்கும் மனிதரோ, முதல் வரியோடு நின்றுவிட்டால் கிடைப்பது பகுத்தறிவு எண்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இப்படிப் பொருள் மாறிப் போவது இதே சொல்லுக்கு முன்பே நடந்திருக்கிறது. கிரேக்கர்கள் 'லோகோஸ் இல்லாதது' என்றார்கள். அதை விகிதம் இல்லாதது என்றும் கொள்ளலாம், பேச்சில்லாதது என்றும் கொள்ளலாம். அரபிக் கணித நூல்களில் √2 போன்ற மூலங்களுக்குச் செவிடு என்று பொருள்படும் பெயர் வந்தது. அரபியிலிருந்து லத்தீனுக்குப் போனபோது அங்கேயும் செவிடு, ஊமை என்ற பொருளுள்ள 'சுர்துஸ்' வந்து உட்கார்ந்தது. அதிலிருந்து வந்ததுதான் ஆங்கில 'சர்ட்'. நம் பாடநூலில் முறுடு என்று வருவது அதற்கான சொல். ஆக √2 ஊரெல்லாம் சுற்றி ஊமையாகி, செவிடாகி, தமிழில் மட்டும்தான் தன் சொந்தப் பெயரோடு நிம்மதியாக இருந்தது. அதைப் போய் இப்போது அறிவில்லாதது ஆக்கியிருக்கிறோம்.

நான் இதைச் சொன்னபோது கணிதம் நன்றாகத் தெரிந்த நண்பர் ஒருவர் மறுத்தார். அவர் வாதம் கெட்டிக்காரத்தனமானது. "பகுத்தறிவு என்பதில் பகுத்து என்பது இருக்கிறதே! பகுத்து அறியக்கூடிய எண் பகுத்தறிவு எண். ஒன்றை இன்னொன்றால் பகுத்து எழுதுகிறோம் அல்லவா, பொருத்தம்தானே?" என்றார். ஒரு நிமிடம் நானும் தடுமாறிப் போனேன். பின்னத்தின் கீழே இருப்பதற்குப் பகுதி என்றுதானே பெயர்.

ஆனால் அதே 'பகு' கணிதத்தில் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது. 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண். அப்படி வகுபடுவது பகு எண். இப்போது 7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது பகா எண். 7/1 என்று எழுதலாம் என்பதால் நண்பரின் கணக்கில் அது பகுத்தறிவு எண்ணும் ஆகிறது. பகவே பகாது, ஆனால் பகுத்து அறியலாம்! பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 'பகு' என்பதை மீதியில்லாமல் வகுபடுவதற்கு ஒதுக்கிவிட்ட பிறகு, அதையே விகிதத்துக்கும் கொண்டுவந்தால் இரண்டு பாடமும் குழம்பும்.

அப்புறம், தமிழில் பகுத்தறிவு என்ற சொல் சும்மா கிடக்கும் சொல் இல்லை. சுயமரியாதை இயக்கக் காலம் தொட்டு மேடைகளிலும் இதழ்களிலும் வீட்டுச் சண்டைகளிலும் புழங்கிப் பழுத்த சொல். அதைக் கேட்டதும் ஒரு கொள்கை, ஒரு வாழ்க்கைப் பார்வை நினைவுக்கு வருகிறது. பகுத்தறிவு எண் என்றால் சாமி கும்பிடாத எண்ணா என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. கலைச்சொல்லாக எடுக்கும் சொல்லுக்கு வேறு பெரிய வாழ்க்கை இருக்குமானால், அந்த வாழ்க்கையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வகுப்பறைக்குள் வரும்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய குறை வேறு. நல்ல கலைச்சொல் வரையறையைத் தன்னோடு வைத்திருக்கும். தேர்வறையில் வரையறை மறந்துபோன பிள்ளை 'விகிதமுறு' என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, விகிதமாக எழுத முடிவது என்று மீட்டுவிடலாம். 'பகுத்தறிவு' என்ற பெயரிலிருந்து எதை மீட்பது?

22/7-ஐயே பாருங்கள். பயிற்சித்தாளில் அந்தத் தெரிவை வைத்ததே பிள்ளைகளை மாட்டிவிடத்தான். பை (π) என்பது விகிதமுறா எண், பையின் மதிப்பு 22/7 என்றார்களே, அப்படியானால் 22/7-உம் விகிதமுறா எண்தானே என்று நினைப்பார்கள். பெயரைக் காதால் கேட்டாலே விடை கிடைக்கும். 22-க்கு 7 என்பதே விகிதம், அது எப்படி விகிதம் உறாமல் போகும்? பை வேறு, 22/7 அதற்குப் பக்கத்தில் இருக்கும் எண், அவ்வளவுதான். இரண்டாவது தசம இடம் வரை ஒத்துப்போய், மூன்றாவதில் பிரிந்துவிடும். பை 3.141 என்று போகும், 22/7 என்பது 3.142 என்று போகும். பையை இரண்டு முழுக்களின் விகிதமாக எழுதவே முடியாது என்று 18ஆம் நூற்றாண்டில் லாம்பர்ட் என்ற கணித அறிஞர் நிறுவினார்.

அக்கா மகளை ஒரு தாள் எடுத்து 1-ஐ 7-ஆல் வகுக்கச் சொன்னேன். 10-இல் 7 ஒரு தடவை, மீதி 3. 30-இல் நான்கு தடவை, மீதி 2. 20-இல் இரண்டு, மீதி 6. 60-இல் எட்டு, மீதி 4. 40-இல் ஐந்து, மீதி 5. 50-இல் ஏழு, மீதி 1. "மறுபடி ஒண்ணு வந்துடுச்சு சித்தி" என்றாள். வராமல் எங்கே போகும்? 7-ஆல் வகுத்தால் சுழி இல்லாத மீதிகள் ஆறுதான். ஆறும் தீர்ந்ததும் பழைய மீதி திரும்பியே ஆகவேண்டும். திரும்பினால் 142857 என்ற வரிசையும் திரும்பும். விகிதமாக எழுதிய எந்த எண்ணும், தசமமாக விரித்தால், முடிந்துபோகும் அல்லது இப்படிச் சுழன்று வரும். √2 முடியவும் முடியாது, சுழலவும் சுழலாது. அதற்கு நிறுவலும் நீளமில்லை. எளிய வடிவில் ஒரு விகிதம் இருப்பதாக வைத்துக்கொண்டால், மேலே உள்ளதன் வர்க்கம் கீழே உள்ளதன் வர்க்கத்தைப் போல இரு மடங்கு. ஆக மேலே உள்ளது இரட்டைப்படை. அதை நுழைத்துப் பார்த்தால் கீழே உள்ளதும் இரட்டைப்படை. இரண்டையும் இரண்டால் சுருக்கலாம் என்றால் அது எளிய வடிவமே இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பேச்சு விகிதத்தைப் பற்றித்தான். அறிவு எங்கேயும் தலைகாட்டவில்லை.

விகிதம் வடசொல் ஆயிற்றே என்று ஒரு தரப்பு கேட்கும். அந்தத் தரப்பில் நானும் பாதி உண்டு. பொறியியல் கலைச்சொற்களில் விகிதத்துக்குத் தகவு என்று சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல். தகவுறு எண், தகவுறா எண் என்று எழுதிப் பார்த்து இரண்டு நாள் மகிழ்ச்சியாகக்கூட இருந்தேன். பிறகுதான் உறைத்தது. தகவு என்றால் தகுதி, நேர்மை என்றும் பொருள். தகவுறா எண் என்றால் தகுதியில்லாத எண். பகுத்தறிவற்ற எண்ணைத் திட்டிவிட்டு அதே குழியில் நானே விழப் பார்த்தேன். ஆகவே விகிதம் வடசொல்லாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கடைவாசல் வரை புழங்கும் சொல்தானே.

பாடநூல் சொற்கள் எல்லாமே பத்தரைமாற்று என்றும் சொல்ல மாட்டேன். 0, 1, 2 என்று போவது முழு எண்கள். அவற்றோடு குறை எண்களும் சேர்ந்தால் முழுக்கள். அதாவது −3 ஒரு முழு, ஆனால் முழு எண் இல்லை! இதைக் கண்டுபிடித்தவர் வகுப்பில் நின்று ஒரு நாளாவது இதை விளக்கியிருப்பாரா என்று தெரியவில்லை. கணினிக் கலைச்சொல் எழுதுகிறவர்கள் முழுவையும் முழு எண் என்றே எழுதிவிடுவதால் குழப்பம் இரட்டிப்பு. இலங்கையில் முழுவுக்கு நிறைவெண் என்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, கடன் வாங்கிக்கொள்ளலாம். அவர்களுடைய முதன்மை எண்ணுக்கு மட்டும் நம் பகா எண்ணைக் கொடுத்துவிடலாம். 'பிரைம்' என்ற மூலச்சொல்லில் 'முதல்' என்ற பொருள் இருப்பது உண்மைதான். ஆனாலும் பகா என்பதில் வரையறையே இருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்த தவறுகள், விவாதிக்கலாம். இப்போது வருபவை அப்படி இல்லை. ஆங்கிலத்தில் 'ரியல் நம்பர்' எனப்படும் மெய்யெண்ணை உண்மையான எண் என்கிறார்கள். அப்படியானால் மற்றதெல்லாம் பொய்யெண்ணா? இன்னொரு பக்கம், கிடைக்கிற சில்லறை வேலைகளைச் செய்து பிழைத்தவரைப் பற்றிய கட்டுரையில் அவர் 'ஒற்றைப்படை வேலைகள்' செய்தார் என்று படித்தேன். சில்லறை வேலையைக் குறிக்கும் ஆங்கில 'ஆட் ஜாப்'-இல் உள்ள 'ஆட்' ஒற்றைப்படைக்கும் பெயர் என்பதால் வந்த வினை. ஒன்று, மூன்று, ஐந்து என்று எண்ணிக்கொண்டே செய்தார் போலும். மொழிபெயர்த்ததை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாலே இதெல்லாம் நிற்கும். படிப்பதில்லை.

அந்தப் பயிற்சித்தாளில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. நாலு வரி எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. ஆனால் நேற்று அக்கா மகள் மறுபடி படம் அனுப்பினாள். கேள்வியில் 'விகிதமுறா எண் எது?' என்று மாற்றியிருந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, அவள் அடுத்த படத்தை அனுப்பும் வரை. விடைப் பக்கத்தில் √2 இன்னும் பகுத்தறிவில்லாமல்தான் இருக்கிறது.