கரை தெரிந்த பிறகுதான் கவனம் வேண்டும்

அட்லாண்டிக்கின் அமெரிக்கப் பக்கத்துப் பெர்முடாவிலிருந்து, போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுக்கூட்டத்தின் ஃபையால் தீவுக்குச் சுமார் 1,800 கடல்மைல். காற்றைப் பொறுத்து இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகும். அடுத்தவர்களின் பாய்மரப் படகுகளை இப்படி ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் பிழைப்பு. "நடுக்கடலில் புயல் வந்தால் பயமாக இருக்காதா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நடுக்கடலில் முட்டிக்கொள்ள ஒன்றும் கிடையாது. எனக்கு வயிற்றைக் கலக்குவது கடைசி நாற்பது மைல்.

மேகமில்லாத நாளென்றால், பக்கத்துத் தீவான பிக்கோவின் எரிமலை (2,351 மீட்டர், போர்ச்சுகலிலேயே உயரமான சிகரம்) வெகுதூரத்திலேயே தலைகாட்டிவிடும். அத்தோடு படகில் ஒழுங்கு போய்விடும். காவல் முடித்துத் தூங்கவேண்டியவன் மேலே நின்று போனில் சிக்னல் தேடுவான். நாள் கணக்கில் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரமென்று துண்டு துண்டாகத் தூங்கிய மூளை அது. சரியாக முடிவெடுக்கவேண்டிய நேரத்தில்தான் தள்ளாடும்.

ஒருமுறை நானே ஏமாறப் பார்த்தேன். இரவு ஒரு மணி. ஃபையாலின் ஹோர்ட்டா துறைமுக வாயிலின் விளக்குகள் ஊர் விளக்குகளோடு கலந்து தெரிந்தன. சிவப்பு விளக்கை வலப்பக்கம் வைத்து நுழையத் தயாரானேன். அமெரிக்கப் பக்கத்தில் அதுதான் முறை. ஐரோப்பிய முறையில் நேர்மாறு: உள்ளே போகும்போது சிவப்பு இடப்பக்கம் இருக்கவேண்டும். அசோர்ஸ் ஐரோப்பிய முறைதான். பாடமாகத் தெரியும், வகுப்பில் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் கைக்கு வந்தது பழைய பழக்கம். வரைபடத்தை இன்னொரு தடவை பார்த்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து தெரியாத துறைக்குள் இரவில் போவதில்லை. பாயைக் குறைத்து, கரையைவிட்டு நன்றாகத் தள்ளி, விடியும்வரை காத்திருப்பேன். கூட வருபவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

அந்தக் காத்திருப்பும் வீண் போவதில்லை. எஞ்சினை ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பேட்டரி சார்ஜுக்காக அவ்வப்போது ஓட்டியதை நம்பவேண்டாம். இத்தனை நாள் குலுங்கியதில் டீசல் டேங்கின் அடிக்கசடு கலங்கியிருக்கும். அது ஃபில்டரை அடைப்பதென்றால் வெளியிலேயே அடைக்கட்டும். பின்கியர் விழுகிறதா என்று பாருங்கள். கட்டிப்போட்ட நங்கூரத்தை அவிழ்த்து அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், தயாராக வையுங்கள். எஞ்சின் நின்றால் அதுதான் உங்கள் பிரேக்.

இனி குதிப்பதைப் பற்றி. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். படகுக்கும் துறைமேடைக்கும் இடையில் ஒரு மீட்டர்கூட இருக்காது. எங்களோடு வந்த இருபத்தாறு வயதுப் பையன் தாம்புக் கயிற்றோடு தாவினான். அசையாத தரையை அவன் கால் எதிர்பார்க்கவில்லை. கணுக்கால் மடங்கிச் சரிந்தான். நல்லவேளை, மேடைப் பக்கம் விழுந்தான். இடுக்கில் விழுந்திருந்தால் பத்து டன் படகு நசுக்கியிருக்கும். பல நாள் ஆட்டத்துக்குப் பழகிய மூளை, கரையேறினாலும் ஆடிக்கொண்டிருப்பதாகவே சொல்லும். ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். பிறகும் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். ஆட்டம் அடங்கும்வரை கார் ஓட்டவேண்டாம். படகு மேடையை உரசி நின்ற பிறகு இறங்குங்கள், தாவாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறோம், நுழைய அனுமதி வேண்டும் என்று காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றி, சுங்கமும் குடிவரவும் முடியும்வரை படகுத் தலைவரைத் தவிர மற்றவர்கள் படகிலேயே இருக்கவேண்டும். வயிற்றுக்கும் பொறுமை தேவை. தனியாளாக உலகைச் சுற்றிய முதல் மாலுமி ஜோஷுவா ஸ்லோகம், 1895 ஜூலையில் ஃபையாலில் தங்கிவிட்டுக் கிளம்பியதும் பிக்கோவின் வெள்ளைப் பாலாடைக்கட்டியையும் பிளம்ஸையும் சேர்த்துத் தின்று, வயிற்றுவலியில் கேபின் தரையில் சுருண்டார். கொலம்பஸ் காலத்து மாலுமி ஒருவர் வந்து சுக்கான் பிடித்ததாக வேறு கண்டாராம்!

ஹோர்ட்டாவில் நின்றுபோகும் ஒவ்வொரு படகும் துறைச் சுவரில் ஓர் ஓவியம் வரைந்துவிட்டுப் போகவேண்டும், இல்லையென்றால் கெட்டது நடக்கும் என்பார்கள். எங்கள் பையன் கட்டுப்போட்ட காலை நீட்டி, கவிழ்த்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்து துறைமுக வாயிலை வரைந்தான். சிவப்பு விளக்கு எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டான்.