உரிக்காமல் விட்ட ஒரு கீற்று

மண்ணெண்ணெய் விளக்கு வருமுன் அயர்லாந்தின் ஏழை வீடுகளில் இருட்டை விரட்டியது ஒரு சதுப்பு நிலச் செடி. ஆங்கிலத்தில் ரஷ் என்பார்கள். பார்வைக்கு நம் கோரையைப் போல இருக்கும். கோடை முடிவில், தண்டு முழு உயரம் எட்டியும் பச்சை மாறாத பருவத்தில் அறுப்பார்கள். தண்ணீரில் ஊறவைத்துத் தோலை உரித்தால் நெட்டி போன்ற வெண்ணிறச் சோறு, அதாவது தண்டின் மென்மையான உட்பகுதி, வெளிப்படும். அதைக் காயவைத்து, உருகிய கொழுப்பில் தோய்த்து எரித்தால் அதுவே விளக்கு.

கைத்திறன் முழுவதும் இந்த உரிப்பில்தான் இருக்கிறது. அடி முதல் நுனி வரை தோலில் ஒரே ஒரு மெல்லிய கீற்றை விட்டுவைக்க வேண்டும். அதுவும் போனால் சோறு ஒடிந்துவிடும். அதிகம் விட்டால் கொழுப்பு உள்ளே இறங்காது.

அந்தச் சோற்றை நுண்ணோக்கியில் பார்ப்பது எனக்குச் சலிக்காத காட்சி. நட்சத்திர வடிவச் செல்கள் கைகளை நீட்டி ஒன்றையொன்று தொட்டு நிற்கும், இடையெல்லாம் காற்று. சேற்றில் நிற்கும் செடி தன் வேருக்குக் காற்று அனுப்பும் வழி அது. தண்டு காய்ந்தபின் அதே வெற்றிடங்களுக்குள் உருகிய கொழுப்பு நுண்புழை விசையால் ஏறிக்கொள்கிறது. பஞ்சுத்திரி செய்யும் வேலையை இங்கே செடியே செய்துவிடுகிறது.

கொழுப்பை உருக்குவதற்குக் கால் வைத்த நீண்ட இரும்புச் சட்டி ஒன்று உண்டு. படகு வடிவம், பெயர் கிரிசெட். தணல் அருகே அதை வைத்து, தண்டுகளைக் கொழுப்பில் தோய்த்து இழுத்துக் காயவைப்பார்கள். ஆட்டுக் கொழுப்புக்குத் தனி மதிப்பு. அதில் ஸ்டியரிக் அமிலம் மிகுதி என்பதால் ஆறியதும் கெட்டியாக இறுகும், கையில் பிசுபிசுக்காது.

இங்கிலாந்தின் இயற்கை ஆய்வாளர் கில்பர்ட் வைட் 1775-இல் இதைக் கணக்கிட்டே பார்த்தார். ஒரு பவுண்டு காய்ந்த தண்டில் 1,600-க்கும் மேல் இருந்தன. அவற்றுக்கு ஆறு பவுண்டு கொழுப்பு தேவைப்பட்டது. அதாவது, கால் கிராம் சொச்சம் எடையுள்ள தண்டு தன்னைப்போல் ஆறு மடங்கைச் சுமக்கிறது! சுமார் 72 சென்டிமீட்டர் நீளத் தண்டு 57 நிமிடம் எரிந்தது.

சுடரின் சூட்டில் கொழுப்பு உருகி, ஆவியாகி, சிதைந்து எரிகிறது. அப்போது பிறக்கும் நுண்ணிய கரித்துகள்கள் கனன்று ஒளிர்வதே நாம் காணும் மஞ்சள் வெளிச்சம். கொழுப்பிலுள்ள கிளிசரால் பகுதி சூட்டில் அக்ரோலின் என்ற பொருளாக மாறும். மூக்கைக் குத்தும் அந்தக் காரநெடி அதனுடையதுதான்.

தண்டை ஓர் இரும்புக் கிடுக்கியில் சாய்வாகச் செருகி எரிப்பார்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.3 சென்டிமீட்டர் கரைவதால், சுடர் இரும்பைத் தொடுமுன் தண்டை மேலே நகர்த்த வேண்டும். ஆகவே யாராவது ஒருவர் அதன் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.